பொருள் போச்சு, பணம் வரல: இணையத்தில் விற்பவருக்குச் சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது?

"காசு போட்டுட்டேன் அக்கா, ரசீது அனுப்பியிருக்கேன் பாருங்க."

புலனத்தில் இப்படி ஒரு செய்தி வருகிறது. கூடவே வங்கி ரசீதின் படம். வாசலில் டெலிவரி ரைடர் காத்திருக்கிறார். அவசரத்தில் 20 டின் முறுக்கைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். இரவு கணக்கைத் திறந்து பார்த்தால் ஒரு வெள்ளிகூட வரவில்லை. திரும்ப அழைத்தால் எடுக்க ஆளில்லை.

புஞ்சாக் ஆலாம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் வீட்டிலிருந்தே பலகாரம், சேலை, பூச்செடி விற்கும் யாருக்கும் இது நடக்கலாம். பழைய மடிக்கணினியை விற்கும் யு.ஐ.டி.எம். மாணவருக்கும் நடக்கலாம். இணைய மோசடி என்றாலே ஏமாந்த வாங்குநரைப் பற்றித்தான் பேசுகிறோம். ஏமாந்த விற்பனையாளர் எங்கே போவது?

555 புத்தகம் இருந்த காலம்

தோட்டப்புறத்தில் கடன் புதிதல்ல. மளிகைக் கடைக்காரர் 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசி, பருப்பு கொடுப்பார். சம்பள நாளில் கணக்குத் தீரும். அது வெறும் நம்பிக்கையில் ஓடிய வியாபாரமில்லை. வாங்குபவரின் பெயர், அவர் குடியிருக்கும் லயம், சம்பளம் வரும் தேதி மூன்றும் கடைக்காரருக்குத் தெரியும்.

இணையத்தில் விற்பவருக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடத் தெரிவதில்லை. ஆனால் பழக்கம் மட்டும் மாறவில்லை. "நம்ம ஆளுதானே, அப்புறம் தருவாரு" என்று பொருளைக் கொடுத்துவிடுகிறோம்.

சட்டம் யார் பக்கம்?

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று பலரும் சொல்வார்கள். அங்கேதான் சிக்கல். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்தத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ஆனால் அங்கே வழக்குப் பதியும் உரிமை பயனீட்டாளருக்குத்தான். பணம் தராத வாடிக்கையாளர் மீது வியாபாரி அங்கே புகாரைத் தொடங்க முடியாது.

இணைய வர்த்தக விதிமுறைகளும் அப்படித்தான். 2013 முதல், இணையத்தில் வியாபாரம் செய்பவர் தன் பெயரையும் தொடர்பு விவரங்களையும் வெளியிட வேண்டும். வாங்குபவருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

அதற்காக விற்பவருக்கு எதுவுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1957ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொருளும் பணமும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டும் என்கிறது. பணம் கிடைக்காத விற்பனையாளர், பொருள் தன் கையில் இருக்கும்வரை அதைப் பிடித்து வைத்திருக்கலாம். "காசு ஏறட்டும், அப்புறம் கொடுக்கிறேன்" என்று சொல்வது மரியாதைக் குறைவல்ல. சட்டம் உங்களுக்குக் கொடுத்த உரிமை அது.

ரசீதை நம்பாதீர்கள், கணக்கைப் பாருங்கள்

ஷோப்பி போன்ற தளங்களில் வாங்குபவர் முன்கூட்டியே கட்டும் பணத்தைத் தளமே பிடித்து வைத்து, பொருள் சேர்ந்த பிறகு விற்பவருக்கு விடுவிக்கிறது. முகநூல் மார்க்கெட்பிளேஸிலும் புலனத்திலும் நடக்கும் விற்பனையில் அப்படி நடுவில் யாரும் இல்லை. ஏமாற்றும் வழிகள் பெரும்பாலும் இவைதான்:

- போலி ரசீது: பழைய ரசீதில் தேதியையும் தொகையையும் மாற்றி அனுப்புவது.
- பின்தேதி பரிமாற்றம்: நாளைக்கோ அடுத்த வாரத்துக்கோ பணம் போகும்படி பதிந்து, அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, பிறகு ரத்து செய்வது.
- காசோலை: இயந்திரத்தில் காசோலையைப் போட்டு ரசீதைக் காட்டுவது. காசோலை திரும்பினால் பணமும் இல்லை.
- "கூடுதலாகப் போட்டுட்டேன்": வராத பணத்தில் மீதியைத் திருப்பிக் கேட்பது.
- இணைப்பு: "பணம் பெற இதை அழுத்துங்கள்" என்று அனுப்புவது. பணம் பெறுவதற்கு டி.ஏ.சி. எண்ணோ கடவுச்சொல்லோ தேவையே இல்லை.

டூயிட்நவ் பரிமாற்றம் பொதுவாக உடனே கணக்கில் ஏறிவிடும். "பேங்க் ஸ்லோவா இருக்கு" என்றால், ஏறும்வரை காத்திருங்கள்.

இன்னொரு எளிய வழி முன்பணம். ஆர்டர் எடுக்கும்போதே ஒரு சிறு தொகையை டூயிட்நவ் வழியாகக் கேளுங்கள். பணம் போட்டவரின் பெயர் பொதுவாக உங்கள் வங்கிப் பதிவில் தெரியும். முகநூலில் இருக்கும் புனைபெயரைவிட அது நம்பகமானது. பொருள் கையில் கிடைத்த பிறகு பணம் என்ற முறையில் பலகாரம் விற்பவருக்கு இது ரொம்ப முக்கியம். வாங்க மறுத்துத் திரும்பி வரும் முறுக்கை வேறு யாருக்கு விற்பது?

சந்தேகம் வந்தால், தொலைபேசி எண்ணையோ வங்கிக் கணக்கையோ போலீஸ் துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள்.

கடனா, மோசடியா?

பொருள் போன பிறகு முதலில் இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். போலி ரசீது காட்டி வாங்கியிருந்தால் அது ஏமாற்று. தண்டனைச் சட்டம் 420ஆவது பிரிவின்படி ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம் உண்டு. உரையாடல், ரசீதின் படம், உங்கள் வங்கிப் பட்டியல் ஆகியவற்றுடன் போலீசில் புகார் செய்யுங்கள்.

997 என்ற எண் உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உதவும். "மீதியைத் திருப்பிப் போடுங்க" என்ற வலையில் விழுந்திருந்தால் உடனே அழையுங்கள். பொருள் மட்டும் போயிருந்தால் முடக்குவதற்குப் பணம் இல்லை. போலீஸ் நிலையம்தான் வழி.

ஆளும் உண்மை, பொருளையும் வாங்கினார், ஆனால் "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று இழுக்கிறார் என்றால் அது சிவில் கடன். அதற்கு நீதிமன்றம்.

வழக்கறிஞர் இல்லாமலே வழக்கு

5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட தொகைக்கு மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு தொடுக்கலாம். தனிநபர் மட்டுமே வழக்குத் தொடுக்க முடியும். வழக்கறிஞர் தேவையில்லை. படிவம் 198ஐ நிரப்பிக் கொடுக்க வேண்டும். புஞ்சாக் ஆலாமில் நடந்த விற்பனைக்குக் கோலசிலாங்கூர் நீதிமன்றத்தில் விசாரிக்கலாம். கடன் ஏற்பட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

புலனச் செய்தி செல்லுமா? 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டப்படி, மின்னியல் வடிவில் இருப்பதாலேயே ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. அதனால் உரையாடலை அழிக்காதீர்கள். வழக்குக்கு முன் தொகை, தேதி, கெடு குறிப்பிட்டு ஒரு நினைவூட்டலை எழுத்தில் அனுப்புங்கள். பல கடன்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஆனால் வழக்குப் பத்திரத்தை யாரிடம் சேர்ப்பது? எதிராளியின் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் வழக்கு நகராது. ஆர்டர் எடுக்கும்போதே இவற்றைக் கேட்டு வாங்குவதன் அருமை அப்போதுதான் புரியும்.

முகநூலில் போட்டு நாறடிக்கலாமா?

கோபம் நியாயமானது. ஆனால் ஒருவரின் படம், அடையாள அட்டை, வீட்டு முகவரியைப் பரப்பினால் பிரச்சினை உங்கள் மீது திரும்பலாம். அவதூறு வழக்கு வரலாம். துன்புறுத்தும் நோக்கில் பிறரின் அடையாள விவரங்களைப் பரப்புவதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத் திருத்தம் 2025 ஜூலை 11 முதல் அமலில் உள்ளது. பணம் தராதவர் பாதிக்கப்பட்டவராகவும், நீங்கள் குற்றவாளியாகவும் நிற்க நேரலாம்.

இந்தத் தீபாவளிக்கு ஆர்டர் எடுப்பவர்கள் ஒரு 555 புத்தகம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண், முன்பணம், பாக்கி என ஐந்தையும் எழுதுங்கள். பாக்கி கணக்கில் ஏறிய பிறகு டின்னைக் கொடுங்கள். நல்ல வாடிக்கையாளர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.