ரீஸ்லிங் குடிச்சா அது குடி இல்லையா?

"குடிப்பழக்கம் இருக்கா?"
"சேச்சே, இல்ல டாக்டர். சனிக்கிழமை ஒயின் மட்டும். ஒரு பாட்டில். ஜெர்மன் ரீஸ்லிங், ரொம்ப லைட்."

தாம்பரம் பக்கம் அரசு மருத்துவமனை ஓபி. இவர் சேலையூர்க்காரர், ஐடி வேலை, ஸ்கேன்ல கொழுப்புக் கல்லீரல். இவருக்கு முன்னாடி வந்த கொத்தனார் அண்ணன், "சனிக்கிழமை கூலி வாங்கினா ஒரு குவார்ட்டர் சார்"னு தலையைக் குனிஞ்சுகிட்டே உண்மையைச் சொன்னார். அவரைத் திட்டினேன். ஒயின்காரரைப் பார்த்துச் சிரிச்சேன். என் தப்புதான். அதான் இந்த நீண்ட இழை.

கணக்குப் போடுவோம், போனை எடுங்க. 750 மில்லி பாட்டில், 11 சதவீதம் ஆல்கஹால்: 82.5 மில்லி. எடையில சுமார் 65 கிராம். குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம்: 77 மில்லி. சுமார் 61 கிராம். ஆமா, அந்த 'லைட்' பாட்டில்லதான் ஜாஸ்தி! "டாக்டர், நான் 8 சதவீத கபினெட் தான் வாங்குவேன்"னு சொல்றவங்களுக்கு: 47 கிராம். முக்கால் குவார்ட்டர். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

ருசி விஷயத்துல நான் சண்டைக்கு வரல. காரசாரமான இறால் தொக்கு, வஞ்சிர வறுவலுக்கு ரீஸ்லிங் பொருந்தும்னு ரீல்ஸ்ல சொல்றது சரிதான். மிளகாயோட எரிச்சலை உணர்ற அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டும். அதனால காரச் சாப்பாட்டோட விஸ்கி குடிச்சா வாய் இன்னும் எரியும். ரீஸ்லிங்ல ஆல்கஹால் கம்மி, கபினெட் மாதிரி வகையில லேசா இனிப்பும் இருக்கும், கூடவே நல்ல புளிப்பு. எண்ணெய்ப் பிசுக்கை வெட்டி விடும். நம்ம மீன் வறுவலுக்கு எலுமிச்சை பிழியறோமே, அதே வேலைதான்.

ஆனா அடுத்த ரீல்லயே "இதயத்துக்கு நல்லது"ன்னு வருது பாருங்க, அங்கதான் எனக்கு ரத்தம் கொதிக்குது. அந்தப் பேச்சே சிவப்பு ஒயின் தோல்ல இருக்கிற ரெஸ்வெரட்ரால் பத்தினது. வெள்ளை ஒயினுக்குத் தோலை எடுத்துட்டு சாறை மட்டும்தான் பொதுவா புளிக்க வைப்பாங்க. அப்போ அந்தச் சாக்கும் இல்ல! உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லயே மதுவை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியா வகைப்படுத்திடுச்சு. ஒயினுக்கு விதிவிலக்கு கிடையாது. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லைன்னு 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனமும் சொல்லிடுச்சு.

(நம்மூர்ல பிராந்திக் கடைக்கே 'ஒயின் ஷாப்'னுதான் பேரு. அங்க நிக்கிறவன் குடிகாரன், ஃபாரின் ஒயின் வாங்குறவர் ரசிகர். என்ன நியாயம்யா இது?)

சுகர் மாத்திரை போடுறவங்க, குறிப்பா கிளிமிபிரைடு எடுக்கிறவங்க, இதைக் கவனிங்க: வெறும் வயித்துல குடிச்சுட்டுத் தூங்கினா ராத்திரியில சர்க்கரை அபாயகரமா இறங்கலாம். ஒயின்னு சொன்னா மாத்திரை விட்டுக் கொடுக்காது.

சக டாக்டர்களுக்கும் ஒண்ணு. "குடிப்பீங்களா?"ன்னு கேக்காதீங்க. "ஒயின், பீர், பிராந்தி, எதுவா இருந்தாலும் வாரத்துக்கு எவ்வளவு?"ன்னு கேளுங்க. நான் கேள்வியை மாத்திட்டேன்.

கொத்தனார் அண்ணன் அடுத்த வாரம் மறுபடி வர்றார். அன்னைக்குத் திட்டினேனே தவிர, அவருக்கு ஸ்கேன் எழுதல. இந்த தடவை எழுதணும்.