கப்பலுக்குக் கதவு உண்டா?

ஸ்டாக்ஹோமில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான்.

"ஜூன்ல லீவு போட்டுட்டு நீயும் தங்கச்சியும் வந்துடுங்கடா. வாடகைக் கார் எடுத்துக்கிட்டு ஸ்வீடன், ஃபின்லாந்துன்னு சுத்தலாம். நடுவுல கடல்."

"கடல்ல கார் எப்படிடா போகும்?"

"கார் கப்பல்ல ஏறும். நாமளும் ஏறுவோம். ராத்திரி தூங்கி எந்திரிச்சா ஃபின்லாந்து!"

எனக்கு உடனே தோன்றியது இயற்கைக் காட்சி அல்ல. ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகை மிச்சம். பழைய டைரி ஒன்றை எடுத்து வரவு, செலவு என்று நடுவில் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் செலவு, சர்வதேச டிரைவிங் பர்மிட். ஆர்.டி.ஓ. ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டினால் ஓராண்டுக்குத் தருகிறார்கள். விசா ஒன்று போதும், ஷெங்கன் விசா. ஆளுக்கு 90 யூரோ. அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டுமாம். ஸ்வீடனில் ஆறு நாள், ஃபின்லாந்தில் ஐந்து நாள் என்று பங்கு பிரித்து, ஸ்வீடனைத் தேர்ந்தெடுத்தேன். ஃபின்லாந்து கோபித்துக்கொள்ளாது என்று நம்புகிறேன். அப்புறம், 30,000 யூரோவுக்குக் குறையாமல் மருத்துவ இன்ஷூரன்ஸ். அந்தத் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தபோது, நான் நோயில் விழுந்தால்தான் எனக்கு மதிப்பு என்று தெரிந்தது.

அடுத்த கவலை, அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். நண்பன் தைரியம் சொன்னான். ஸ்வீடனும் ஒரு காலத்தில் நம்மைப் போல இடது பக்கம்தானாம். 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை 5 மணிக்கு நாடு மொத்தமும் வலது பக்கத்துக்கு மாறியிருக்கிறது.

"பாத்தியா? ஒரு நாடே ஒரே நாள்ல மாறியிருக்கு. நான் மாற மாட்டேனா?" என்றேன் சகதர்மிணியிடம்.

"நீங்க நம்ம தெருவுல ரிவர்ஸ் எடுக்கறப்ப நாலு வீட்டுல கேட்டைச் சாத்தறாங்க" என்றாள். அந்தத் தலைப்பு அத்துடன் முடிந்தது.

காரைக் கடல் தாண்டிக் கொண்டு போக வாடகைக் கம்பெனியின் அனுமதி வேண்டும். கப்பல் டிக்கெட் எடுக்கும்போது காரின் நீளம், உயரம் இரண்டையும் கேட்கிறார்கள். பெண் பார்க்கும்போதுகூட இவ்வளவு அளவு கேட்டதில்லை! கப்பல் கிளம்பியதும் கார் நிற்கும் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். டிக்கியில் டூத் பிரஷ்ஷை மறந்தவன் காலை வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.

சாயங்காலம் ஸ்டாக்ஹோமில் ஏறினால் காலையில் துர்க்கு. அங்கிருந்து ஹெல்சிங்கிக்கு ஏறக்குறைய 165 கிலோமீட்டர். ஃபின்லாந்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், தூக்கத்தில் ஒரு மணி நேரம் நஷ்டக் கணக்கு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கப்பல் நடு ராத்திரிக்கு மேல் ஆலந்து என்ற தீவில் நின்றுவிட்டுப் போகிறது. இறங்க ஆளில்லாவிட்டாலும் நிற்கிறது. காரணம் வரி! ஐரோப்பிய யூனியனுக்குள் வரியில்லா விற்பனை 1999 ஜூலையிலிருந்து நின்றுபோனது. ஆலந்து ஃபின்லாந்தைச் சேர்ந்ததுதான் என்றாலும், யூனியனின் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்கு வெளியே இருக்கிறது. அங்கே தொட்டுவிட்டு வந்தால் கப்பல் கடையில் வரியில்லாமல் விற்கலாம். பி.காம். படித்த எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எத்தனை பெரிய கப்பல், எத்தனை சின்ன ஓட்டை!

அந்த உற்சாகத்தில் அறையும் தேர்ந்தெடுத்தேன். இருப்பதிலேயே மலிவானது. ஜன்னல் கிடையாது. கார் தளத்துக்கும் கீழே.

"கார் மேல, நாம கீழயா?" என்றாள் சகதர்மிணி.

"தூங்கறதுக்கு எதுக்கு ஜன்னல்?" என்றேன். வரவுப் பக்கம் ஒரு வரி ஏறியது.

ராத்திரி ராமநாதபுரத்தில் இருக்கும் அப்பத்தாவிடம் போனில் சொன்னேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பாம்பனில் சின்னப் பெண்ணாக இருந்தவர். யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் "கொல்லைக் கதவைச் சாத்துனியா?" என்று மூன்று முறை கேட்பார்.

"கப்பலுக்குள்ள காரு எப்படிய்யா போகும்?"

"பெரிய கதவு இருக்கும் அப்பத்தா. தெறந்து விடுவாங்க, ஓட்டிக்கிட்டே உள்ள போயிரலாம்."

"அம்புட்டுப் பெரிய கதவை யாருய்யா சாத்துவா? சாத்துனாங்களான்னு யாரு பாப்பா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சகதர்மிணி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் நண்பனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

1987 மார்ச் 6-ம் தேதி, பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கிளம்பிய 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற கப்பலில் முன்கதவைச் சாத்த வேண்டிய ஊழியர் அறையில் தூங்கிவிட்டார். சாத்தினார்களா என்று யாரும் பார்க்கவில்லை. துறைமுகம் தாண்டியதும் கப்பல் சாய்ந்தது. 193 பேர் இறந்தார்கள்.

இன்னொன்று, ஸ்டாக்ஹோமுக்கே வரவேண்டிய கப்பல். பெயர் 'எஸ்டோனியா'. 1994 செப்டம்பர் 28 நள்ளிரவுக்கு மேல், அலை அடித்து முன்பக்கத்து மூடி பிய்த்துக்கொண்டு போய், கார் தளத்தில் தண்ணீர் ஏறியது. 989 பேரில் 852 பேர் திரும்பவில்லை. நிறையப் பேர் தூக்கத்தில் இருந்த நேரம். ஸ்டாக்ஹோமில் பெயர்கள் வெட்டிய நினைவுச் சின்னம் இருக்கிறதாம்.

"அதுக்கப்புறம் சட்டமெல்லாம் இறுக்கிட்டாங்கடா. கதவு சாத்தியிருக்கான்னு கேப்டன் இருக்கற இடத்துலயே விளக்கு எரியும். கார் தளத்துல தண்ணி ஏறினாலும் கப்பல் தாங்கணும்னு 1996-ல ஒப்பந்தமே போட்டிருக்காங்க. நானே நாலு தடவை போயிருக்கேன். பயப்படாத" என்றான்.

பயப்படவில்லை. நம் ஊர் பைபாஸில் தினமும் பைக் ஓட்டுகிறவனுக்குக் கப்பல் எவ்வளவோ மேல் என்று எனக்கும் தெரியும். ஆனால் 'தூங்கறதுக்கு எதுக்கு ஜன்னல்?' என்று நான் சொன்னது மட்டும் அன்று ராத்திரி முழுக்கக் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. தனியாகப் போகிறவன் என்றால் கீழேயே படுத்திருப்பேன். பக்கத்தில் படுக்கப் போகிறவள், கல்யாணம் ஆகி ஆறு வருஷத்தில் முதல் முறையாகக் கடல் தாண்டப் போகிறாள்.

காலையில் அறையை மாற்றினேன். மேல் தளம். ஜன்னல் உண்டு. மிச்சம் பிடித்த ஹோட்டல் வாடகையில் முக்கால்வாசி போயிற்று.

சகதர்மிணி டைரியைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இது எந்தக் கணக்கு?" என்றாள்.

"அப்பத்தா கணக்கு" என்றேன்.

அப்பத்தாவுக்கும் போன் போட்டு, சட்டம், விளக்கு, ஒப்பந்தம் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிய்யா. நீயும் ஒருக்கா போயி எட்டிப் பாத்துட்டுப் படு."

"முடியாது அப்பத்தா. கப்பல் கிளம்புனதும் அந்தத் தளத்தைப் பூட்டிருவாங்க."

"பூட்டிருவாங்களா?" என்றார். குரலில் அப்படியொரு நிம்மதி. "அப்பச் சரி, போயிட்டு வாங்க!"