டஃபரின் பிரபு போட்ட பலகை

கனடாவின் கியூபெக் நகரத்தில் மாலையானால் ஊரே டஃபரின் டெரஸுக்கு வந்துவிடும். செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குச் சுமார் 60 மீட்டர் மேலே, பாறை விளிம்பில் போட்ட மரப்பலகைப் பாதை அது. ஒரு பக்கம் 1893இல் திறந்த ஷாட்டோ ஃப்ரொன்டெனாக் ஓட்டல். மறுபக்கம் இரும்புக் கிராதி. எட்டிப் பார்த்தால் ஆறு. பலகை முடிகிற இடத்தில் 310 படிகள். மூச்சு வாங்க ஏறினால் கோட்டையை ஒட்டியே ஆபிரகாம் சமவெளிக்குப் போய்விடலாம்.

காற்று வாங்கவா இந்த உச்சிக்கு முதலில் ஆள் ஏறினான்? 1608இல் பிரெஞ்சுக்காரரான ஷாம்ப்ளேன் ஊரை அமைத்தது கீழே, கரையோரத்தில். ஆறு இங்கே குறுகுகிறது, வருகிற கப்பலை மேலிருந்து மடக்கலாம் என்றுதான் 1620இல் பாறைமேல் கோட்டை எழும்பியது. பின்னாளில் ஆளுநர்கள் குடியிருந்த செயின்ட் லூயி மாளிகை 1834இல் தீக்கிரையானது. அந்தக் கரிமேட்டின்மேல் ஆளுநர் டர்ஹாம் பிரபு 1838இல் ஒரு மேடை போட்டார். இன்றைய நடைபாதைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

ஏழாண்டுப் போரின்போது, 1759 செப்டம்பர் 13 அன்று, அந்த ஆபிரகாம் சமவெளியில் நடந்த சண்டையில் ஆங்கிலேயத் தளபதி வுல்ஃப் களத்திலேயே மாண்டார்; பிரெஞ்சுத் தளபதி மோங்காம் மறுநாள் இறந்தார். வென்றவருக்கும் தோற்றவருக்கும் சேர்த்து ஒரே நினைவுத்தூண், பாதையோரப் பூங்காவில் நிற்கிறது. இந்தப் போரை நாமும் அறிவோம், வேறு பெயரில். வந்தவாசியும் புதுச்சேரி முற்றுகையும் இதே ஏழாண்டுப் போரின் பக்கங்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்ததும் ஆங்கிலேயர் அதன் மதிலை இடித்துத் தள்ளினார்கள். 1763இல் பாரிஸ் உடன்படிக்கை புதுச்சேரியைப் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது, கனடாவைத் தரவில்லை.

கியூபெக்கின் மதிலுக்கும் ஆபத்து வராமலில்லை. 1871இல் பிரிட்டிஷ் படை வெளியேறியதும், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மதிலை இடிக்கச் சொன்னவர்கள் உள்ளூர்க்காரர்களே. தடுத்தவர் கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த டஃபரின் பிரபு. டர்ஹாமின் மேடையை நீட்டும் திட்டத்தையும் அவரே முன்னெடுத்தார். 1879இல் புதிய பாதை திறந்தது. பத்தே ஆண்டில், 1889 செப்டம்பரில், பாறை பெயர்ந்து கீழே ஷாம்ப்ளேன் தெருவில் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். மேலே உலாவுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மதிலைக் காத்தவருக்கு ஊர் நன்றி சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த மனிதரின் கதை கனடாவோடு முடியவில்லை. 1884இல் அவர் இந்தியாவின் வைஸ்ராய். மறு ஆண்டே பர்மாமீது படை அனுப்பினார். பர்மாவின் தீபாவ் மன்னரை முதலில் சென்னைக்கும் பிறகு ரத்னகிரிக்கும் நாடு கடத்தினார்கள். அவர் 1916இல் ரத்னகிரியிலேயே இறந்தார். மாண்டலேயில் மதில் சூழ்ந்த அவருடைய அரண்மனை வளாகம் ராணுவ முகாமானது. அதற்கு வைத்த பெயர் டஃபரின் கோட்டை. ஓர் ஊரின் மதிலைப் போற்றிய கை, இன்னோர் ஊரின் மதிலுக்குள் சிப்பாய்களைக் குடியேற்றியது. முதலாவதை மட்டும் சொல்லிப் புகழ்வது பாதிக் கணக்கு.

தேக்கில் கட்டிய அந்த அரண்மனை 1945 மார்ச்சில், இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் எரிந்துபோனது. மாண்டலேயில் மதில் இன்றும் நிற்கிறது. டஃபரின் பெயர்தான் அதில் இல்லை.