பொன்னாடையும் சணல் கயிறும்

போன வாரம் கைத்தறி தினம் வந்து போனது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்த ஒரு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். எங்கே, யார் என்பதெல்லாம் வேண்டாம். சாப்பாடு நன்றாகப் போட்டார்கள். மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்குப் போர்த்தியதை மடியில் வைத்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். விசைத்தறி. அதுவும் பாலியஸ்டர். கைத்தறியைக் காப்பது நம் கடமை என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தவரின் தோளிலும் அதே சரக்குதான் பளபளத்தது. முன்வரிசையில் எமனேஸ்வரத்துத் தறிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் துணியைத் தொட்டுப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. கீழே இறங்கியதும் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “விடுங்க சார், கைத்தறியில வாங்குனா கட்டுபடியாகலையாம்” என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1905 ஆகஸ்ட் 7ஆம் தேதி கல்கத்தா டவுன் ஹாலில் சுதேசி இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதன் நினைவாகத்தான் இந்த நாள். தேசியக் கைத்தறி தினம் என்று முதன்முதலில் கொண்டாடியதும் நம் சென்னையில்தான், 2015இல். அந்நியத் துணியை நெருப்பில் போட்டவர்களின் ஞாபகார்த்தமாகப் பாலியஸ்டர் போர்த்துகிற சாமர்த்தியம் நமக்கு மட்டுமே கைவரும்.

துணியைக்கூட மன்னித்துவிடுவேன். அழைப்பிதழை மன்னிக்க முடியவில்லை. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை என்று பெயர்கள் அடுக்கடுக்காக வந்து, கடைசியில் ஒரு வரி: ‘மூத்த நெசவாளர்கள் கௌரவிக்கப்படுவார்கள்.’ பெயர் இல்லை. ஒலிபெருக்கி வைத்தவர் பெயர் இருந்தது.

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்கள் இப்போது ‘ஆரம்பித்துவிட்டான்’ என்று முணுமுணுப்பது கேட்கிறது. ஆமாம், என் பழைய வியாதிதான். கல்வெட்டு, பெயர்ப்பலகை, அடிக்கல் எதைக் கண்டாலும் நின்று வாசித்து, வேலை செய்தவன் பெயர் எங்கே என்று தேடுகிற வியாதி. ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தைக் கட்டி முடித்த முத்துராமலிங்க சேதுபதிக்குச் சிலை இருக்கிறது, அவருடைய அமைச்சர்களுக்கும் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்களை நூல் பிடித்த மாதிரி நிறுத்திய தச்சனின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். ராமநாதபுரம் அரண்மனைக்குள் ராமலிங்க விலாசத்தில் சுவர் முழுக்க ஓவியம்: சேதுபதி போருக்குப் போகிறார், வெள்ளைக்காரர்களைச் சந்திக்கிறார், அந்தப்புரத்தில் இருக்கிறார். படத்துக்குப் படம் அவர் உடுத்தியிருக்கும் துணியின் பூவேலையைப் பார்க்கவே நான் போவேன். அந்தப் பூவை நெய்தவனும் தெரியாது, தீட்டியவனும் தெரியாது. 1964 புயலுக்குப் பிறகு பாம்பன் பாலத்தை 46 நாளில் நிமிர்த்திய பொறியாளர் ஸ்ரீதரனை நாடே அறியும், அறியவும் வேண்டும். அப்போது கடலில் இறங்கி கர்டர்களை மீட்டவர்கள் யார் என்று பாம்பனிலேயே கேட்டுப் பார்த்திருக்கிறேன். “எங்க ஆளுகதான்” என்பார்கள். அதற்கு மேல் இல்லை.

இந்தக் கடுப்போடு, நூல் விலையையும் தள்ளுபடி மானியத்தையும் பற்றிக் காரசாரமாக எழுதுவது என்றுதான் உட்கார்ந்தேன். புள்ளிவிவரம் தேடி அலமாரியைக் குடைந்தபோது சிற்பி மிருணாளினி முகர்ஜியின் கண்காட்சி நூல் கையில் சிக்கியது. பிரித்தேன். மானியம் போயிற்று. அதை வேறு யாராவது எழுதட்டும்.

மிருணாளினியின் வேலைகளைப் படத்தில் பார்ப்பவர்கள் முதலில் கல் என்பார்கள், பிறகு மரம் என்பார்கள். சணல் கயிறு. ஆளைவிட உயரமான உருவங்கள். சில கூரையிலிருந்து தொங்குகின்றன, சில தரையில் அமர்ந்திருக்கின்றன. ஊதா, காவி, அடர் சிவப்பு என்று சாயம் ஏற்றிய கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு, மடிப்பு மடிப்பாகச் சரியவிட்டு, உள்ளே இரும்புச் சட்டம் கொடுத்து நிறுத்தியிருக்கிறார். தறி கிடையாது. முன்கூட்டி வரைந்த படமும் கிடையாது. ஒரு உருவத்துக்கு ஒரு வருடம்கூட ஆகும். யக்ஷி, ருத்ரா, தேவி, நாக தேவதை என்று பெயர் வைத்தார். ஆனால் எந்தக் கோயில் விக்கிரகமும் அப்படி இராது. பாதி பூ, பாதி தெய்வம். பார்த்துக்கொண்டே இருந்தால் லேசாகக் கூச்சமும் வரும், பயமும் வரும். ஊர் எல்லையில் நிற்கிற சாமியிடம் நமக்கு உள்ள உறவுதான்.

1949இல் பம்பாயில் பிறந்தவர். அப்பா பினோத் பிஹாரி முகர்ஜி, சாந்திநிகேதனின் பெரிய ஓவியர். ஐம்பதுகளின் பிற்பாதியில் பார்வையை முழுக்க இழந்த பிறகும் கைத்தடவலில் காகிதம் வெட்டி ஒட்டிப் படம் செய்தவர். சத்யஜித் ராய் அவரைப் பற்றி 1972இல் ஒரு ஆவணப்படமே எடுத்தார். அம்மா லீலா, மரச் சிற்பி. பார்வை போன அப்பா விரலால் உலகத்தை அறிகிறதைப் பார்த்து வளர்ந்த பெண், கயிற்றை எடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. இது என் ஊகம்தான். அவரே சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பரோடாவில் ஓவியம் படிக்கப் போனவரைக் கயிற்றுப் பக்கம் திருப்பிவிட்டவர் நம்மவர். கே.ஜி. சுப்ரமணியன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். 1924இல் கூத்துப்பறம்பில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போய், அரசுக் கல்லூரிகளின் கதவு சாத்தப்பட்டதால் சாந்திநிகேதனுக்கு ரயிலேறியவர். அங்கே அவருக்கு ஆசிரியர் பினோத் பிஹாரி. அப்பாவிடம் கற்றதை மகளுக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லலாம். நடுவில் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பிரிவில் வேலை. ஓவியனும் நெசவாளியும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்தக் காலத்தில் நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்களை வேலைக்கு வைத்தார்கள். ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குக் கோடு போட்ட நம் ஓவியர் ஆதிமூலம்கூட சென்னை மையத்தில் வேலை பார்த்தவர்தான்.

பம்பாய் மையத்தில் சுப்ரமணியனோடு பழகிய இன்னொருவர் மோனிகா கொரியா. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் மனைவி. நுண்ணுயிரியல் படித்துவிட்டுத் தறிக்கு வந்தவர். பாதி நெசவில், பாவு இழைகளை வரிசையாக நிறுத்திவைக்கும் அச்சைக் கழற்றிவிட்டு நெய்வார். பாவு இழைகள் கட்டவிழ்ந்து ஆறு மாதிரி வளைந்து ஓடும். விழாவில் பார்த்த அதே பெரியவரிடம் இதைச் சொன்னேன். “அச்சை எடுத்தா பாவு கலைஞ்சு போகுமே சார்!” என்று பதறிப்போனார். கலைய வேண்டும் என்பதற்காகவே எடுக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கூலி யாரு குடுக்குறா?” என்றார். நியாயமான கேள்வி.

மிருணாளினிக்குத் திரும்புவோம். எழுபதுகளில் அவர் கயிறு முடிய ஆரம்பித்தபோது உலகமெங்கும் இந்தக் காற்று வீசிக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்தின் லொசானில் 1962 முதல் திரைச்சீலைக் கலைக்கென்றே ஈராண்டுக் கண்காட்சி. ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஒரு பட்டாளமே கிளம்பியிருந்தது: சாக்கையும் கயிற்றையும் பழந்துணியையும் தறியில் ஏற்றிய கிராவ் கரிகா, முடிச்சிலேயே உருவம் எழுப்பிய அவுரேலியா முன்யோஸ். அவர்களில் எனக்குப் பிடித்த ஆள் ஜுசெப் ரோயோ. பிடித்த காரணம் உங்களுக்குத் தெரியும்: பெயர்.

1945இல் பார்சிலோனாவில் பிறந்த நெசவாளி. தாரகோனாவில் ஒரு பழைய மாவு ஆலை அவருடைய பட்டறை. ஓவியர் ஜுவான் மிரோவின் மகள் விபத்தில் சிக்கிப் பிழைத்தபோது, சிகிச்சை அளித்த மருத்துவமனைக்கு நன்றியாக மிரோ கொடுத்தது ரோயோ நெய்த திரைச்சீலை. 1970இல். நியூயார்க் உலக வர்த்தக மையத்துக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, எனக்குத் தறி வேலை தெரியாது என்று முதலில் மறுத்த கிழவர், ரோயோவிடம் தொழில் பழகிய பிறகு ஒப்புக்கொண்டார். 20 அடிக்கு 35 அடி. எடை 4 டன். 1974இல் தெற்குக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். 2001 செப்டம்பர் 11ஆம் தேதி கோபுரத்தோடு அதுவும் போயிற்று. இன்றைக்கும் அதைக் குறிப்பிடுகிறவர்கள் மிரோவும் ரோயோவும் செய்தது என்று எழுதுகிறார்கள். உலகப் புகழ் ஓவியன் பெயருக்குப் பக்கத்தில் தறிக்காரன் பெயர். நம் பக்கம் அப்படிச் செய்தவர் சோழமண்டலக் கலைஞர் கிராமத்து ஓவியர் எஸ்.ஜி. வாசுதேவ், அவருடைய பட்டுத் திரைச்சீலைகளோடு நெசவாளர் சுப்பராயலுவின் பெயரும் சேர்ந்தே வரும். வாழ்க.

மிருணாளினிக்கு இந்தச் சிக்கலே இல்லை. முடிந்ததும் அவர், கையெழுத்தும் அவருடையது. அவருக்கு வந்த தொல்லை வேறு: இது சிற்பமா, கைவேலையா? கல்லைச் செதுக்கினால் கலை, கயிற்றை முடிந்தால் வரவேற்பறை அலங்காரம் என்று எண்ணுகிற பெரிய மனிதர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. நெசவுக்காரி என்றும் சொல்லிக்கொள்ளவில்லை. சிற்பி என்றார், அடுத்த முடிச்சைப் போட்டார். 1994இல் ஆக்ஸ்ஃபோர்டின் நவீனக் கலை அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி வைத்தது. தொண்ணூறுகளின் நடுவில் களிமண்ணுக்கும், பிறகு வெண்கலத்துக்கும் போனார். வெண்கலத்தில் எல்லாமே எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் கடைசி வருடங்களில் செய்த ‘பாம்ஸ்கேப்’ வரிசை விதிவிலக்கு: காய்ந்த பனை வகை மட்டையும் ஓலையும் வெண்கலத்தில் விறைத்து நிற்கும். சாயல்குடிப் பக்கம் ஆடி மாதக் காற்றில் பனைமரம் பார்த்தவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டாம்.

யக்ஷியின் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு பாம்பனுக்குப் போனேன். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“சணலா தம்பி? நைலான் இல்லையே?”

“சணல்தான் அண்ணே.”

“சாயம் போட்டிருக்கு போல. எங்க அப்பா காலத்துல பருத்தி வலை. சாயத்துல முக்கித்தான் காயப்போடுவாக, இல்லேன்னா உப்புல இத்துப்போகும். இது எங்க இருக்கு, கடக்கரையிலயா?”

வெளிநாட்டு மியூசியங்களில் இருக்கிறது, கண்ணாடி அறையில் காற்றை அளந்து விட்டுப் பாதுகாக்கிறார்கள் என்றேன். “அப்பச் சரி” என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். யார் செய்தது என்று கேட்டார். சொன்னேன். பொம்பளையா என்று கேட்டுவிட்டு, முடிச்சு எல்லாம் ஒரே இறுக்கமாக விழுந்திருக்கிறது என்றார். சிற்பமா கைவேலையா என்று அவர் கேட்கவில்லை.

2015 ஜனவரி கடைசியில் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகளைத் திரட்டிக் கண்காட்சி திறந்தார்கள். ஏற்பாட்டு வேலையின்போதே உடல்நிலை மோசமானது. திறந்து சில நாளில் இறந்துபோனார். 65 வயது. சுப்ரமணியன் அடுத்த ஆண்டு போனார். 2019இல் நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் மிருணாளினிக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. 2022இல் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் அவருடைய கயிற்று உருவங்கள் நின்றன.

டெல்லிக்குப் போகிற வாசகர்கள் செங்கோட்டையும் குதுப்மினாரும் பார்த்தது போதும். இந்தியா கேட் பக்கத்தில் ஜெய்ப்பூர் ஹவுஸ் என்று கேளுங்கள், அதுதான் தேசிய நவீனக் கலைக்கூடம். அவருடைய வேலை அவர்கள் சேகரிப்பில் உண்டு. எல்லா நேரமும் வெளியே வைத்திருக்க மாட்டார்கள், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை விடுமுறை.