பறை நம்முடையது, அடிமைத்தனம் நம்முடையதல்ல

காரைக்கால் வயல்களுக்கும் அண்டைத் தஞ்சைச் சீமைக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. பறையை நம் பிள்ளைகள் கற்க வேண்டுமா, வேண்டாமா?

“இழவு வீட்டில் அடித்த அப்பனோடு இது ஒழியட்டும்” என்கிறார்கள் சில தோழர்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் முடிவு சரிதானா?

பறையாட்டம் தெருவில் வளர்ந்த கல்வி. அப்பன் அடிக்க, பிள்ளை தகர டப்பாவில் தட்டிப் பழகும். வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி விறைப்பேற்றும் பக்குவம், ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி பிடிக்கும் விதம், எல்லோரும் ஒரே நேரத்தில் காலெடுத்து வைக்கும் ஆட்டம், இவற்றைச் சித்தப்பனும் மாமனும் சொல்லிக் கொடுப்பார்கள். ஒருவன் தவறினால் வரிசையே தவறும். இதைவிட ஒற்றுமைப் பாடம் வேறென்ன?

இந்தக் கல்வியின் மேல்தான் சாதி ஏறி உட்கார்ந்தது. மிராசுதார் வீட்டில் சாவு விழுந்தால் ஓட வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாய்பொத்தி நிற்க வேண்டும். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி போயிற்று. அதனால் மட்டும் சாதிக் கடமை போய்விடவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலோ, இதே தப்பை அடித்துத்தான் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு விரட்டினார்கள். அதே மக்கள் அதே தப்பைக் காமன் கூத்தில் தங்களுக்காகவும் அடித்தார்கள். குற்றம் தோலில் இல்லை. ஏவியவன் கையில் இருந்தது.

1940களில் தோழர் சீனிவாசராவ் தலைமையில் தஞ்சைப் பண்ணையாட்கள் சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து எழுந்தார்கள். ஏரை எறிந்துவிடவில்லை. பறைக்கும் அதுவே வழி.

திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை எடுத்து ஆடிக் காட்டினார்கள். 2025-ல் மதுரைச் சீமையின் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருது நல்லதுதான், வயிறு நிறையாது. ஆகவே நாம் கேட்பது இது:

சாதியைச் சொல்லி எவரையும் அடிக்க ஏவக் கூடாது. கட்டாய வேலை வாங்குவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விருப்பத்தோடு வாசிப்பவருக்கு முன்கூட்டியே பேசிய கூலி ரொக்கமாகக் கிடைக்க வேண்டும். மகனுக்குச் சொல்லித் தருவதை மகளுக்கும் சொல்லித் தர வேண்டும்.

ஆலைத் தோழர்களே, உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று அடிக்கும் நாளில்தான் பறையைப் பிடித்த தீட்டு ஒழியும்.