சங்கத்தை உறுப்பினர்களிடம் திருப்பிக் கொடுங்கள்

தமிழ்நாட்டின் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2018-ல். அப்போது தேர்வான நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2023-ல் முடிந்தது. அதன்பின் சங்கங்கள் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. நிர்வாகக் குழு கூடிப் பேசி எடுக்க வேண்டிய முடிவுகளை ஒரு கையெழுத்து எடுத்துவிடுகிறது. பல ஊர்களில் ஒரே அலுவலர் பல சங்கங்களைப் பார்த்துக்கொள்கிறார். அவர் எந்தக் கிழமை எந்தச் சங்கத்துக்கு வருவார் என்பது அங்குள்ள செயலாளருக்குத்தான் தெரியும்.

உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனால் கட்சிகள் நீதிமன்றம் போகின்றன, தொலைக்காட்சிகள் விவாதம் நடத்துகின்றன. சங்கத் தேர்தல் தள்ளிப்போனால் ஊருக்குள்கூட அது பேச்சாவதில்லை. உறுப்பினர்களின் பங்குத்தொகையிலும் வைப்புத்தொகையிலும் நடக்கும் சங்கத்தை அந்த உறுப்பினர்களே நிர்வகிக்க வேண்டும். அதற்கான தேர்தலை இனியும் தாமதிப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

மாநிலத்தில் 4,400-க்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. பயிர்க்கடன், நகைக்கடன், மகளிர் குழுக்கடன், யூரியா, டிஏபி என்று கிராமத்துத் தேவைகள் பலவும் அங்கேதான் போய் நிற்கின்றன. பெரும்பாலான ரேஷன் கடைகளை நடத்துவதும் கூட்டுறவுச் சங்கங்களே. பயிர்க்கடனைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுகிறவருக்கு வட்டி கிடையாது. அதே தெருவில் வாரத் தவணைக்குப் பணம் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்களின் வட்டி ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. கந்துவட்டிக்காரர் போடும் கணக்கு எந்தச் சட்டத்துக்கும் அடங்காதது. 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சட்டம் தேவைதான், ஆனால், நியாயமான வட்டிக்குக் கடன் தரும் சங்கம் ஒன்று நடக்கும் தூரத்தில் நல்லபடியாக இயங்கினால் கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலை மிதிக்க வேண்டிய தேவையே பலருக்கு வராது.

இப்படிப்பட்ட சங்கத்தில் ஒருவர் எப்படி உறுப்பினராகிறார் என்று பாருங்கள். பணம் தேவைப்படும் நாளில் சிட்டா, அடங்கல், ஆதார் நகல், இரண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறார். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்து வாங்கப்படுகிறது. அந்தத் தாள்களில் ஒன்று உறுப்பினர் சேர்க்கை விண்ணப்பம். நுழைவுக் கட்டணமும் பங்குத்தொகையும் கடனிலேயே பிடித்தமாகிவிடுகின்றன. கைக்கு வந்த தொகை குறைகிறதே என்று கேட்டால், “அது பங்குக்குப் பிடிச்சதுங்க” என்று ஒரு வரியில் பதில் வரும். எந்தப் பங்கு, அதற்கு என்ன உரிமை, அந்தப் பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. தன்னைச் சங்கத்தின் சொந்தக்காரர்களில் ஒருவராக்கிய பணத்தை ஏதோ ஒரு செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டு வீடு திரும்புகிறார் விவசாயி.

நகைக்கடனுக்கு வருகிறவர் நிலை இன்னும் கீழே. அவர் பெரும்பாலும் இணை உறுப்பினராகத்தான் சேர்க்கப்படுகிறார். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் உரசிப் பார்த்து, எடை போட்டு, பையில் கட்டி முத்திரையிட்டதும் கடன் வாங்கியவர் ரசீதோடு வெளியே வந்துவிடுகிறார். இணை உறுப்பினருக்கு வாக்கு இல்லை, லாபத்திலும் பங்கில்லை. சங்கத்தின் வட்டி வருமானத்தில் கணிசமான பகுதி நகைக்கடனிலிருந்து வருகிறது. அந்த வட்டியை ஆண்டுக்கணக்காகக் கட்டிவரும் பெண்கள் சங்கத்தின் முடிவுகளில் வாய் திறக்க வழியில்லாமல் இருக்கிறார்கள். தகுதியுள்ள ஒவ்வொருவரையும் முழு உறுப்பினராக்குவது சங்கத்தின் கடமையாக வேண்டும்.

ஏனென்றால் அந்த முழு உறுப்பினர் என்ற நிலைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு, நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு வாக்கு. தனியார் நிறுவனத்தில் பங்கு கூடக்கூட வாக்கும் கூடும், இங்கே கூடாது. இரண்டு ஏக்கர்க்காரரும் இருபது ஏக்கர்க்காரரும் பணவிஷயத்தில் சமமாக உட்காரும் இடம் கிராமத்தில் வேறெதுவும் இல்லை.

இந்த ஏற்பாடு நமக்கு நேற்று வந்ததும் அல்ல. விவசாயிகளின் கடன் சுமைக்கு வழிதேடச் சென்னை மாகாண அரசு ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. ஐரோப்பியக் கடன் சங்கங்களை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு பகுதிகளாக அவர் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் வளர்த்தெடுத்த கிராமக் கடன் சங்கமே இங்குள்ள உழவருக்கும் ஏற்றது என்பது அவர் முடிவு. ஒருவரையொருவர் அறிந்த ஊரார் சேர்ந்து சேமிப்பது, தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வது, வாங்கியவர் என்ன செய்கிறார் என்பதைத் தாங்களே கவனிப்பது என்பதுதான் அந்த முறை. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கம் பதிவானது. பெரிய காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும், திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலையும் பிறந்தன. நாட்டுக்கே முன்னோடியாக நின்ற மண், 120 ஆண்டுகள் கழித்துத் தன் சங்கங்களை உறுப்பினர்களிடம் ஒப்படைக்கத் தயங்குவது நமக்குத் தலைகுனிவு.

தேர்தல் வைத்தால் கட்சிக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், முறைகேடு பெருகும், அதைவிட அலுவலரே மேல் என்று ஒரு வாதம் சொல்லப்படுகிறது. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2013-லும் 2018-லும் ஏராளமான சங்கங்களில் போட்டியே இல்லை. வேட்புமனு கொடுக்கப் போனவர்களிடம் மனுவை வாங்க ஆளில்லை என்ற புகார்கள் எழுந்தன. ஆளுங்கட்சியின் பட்டியலில் இருந்தவர்கள் அப்படியே தேர்வானதாக அறிவிக்கப்பட்டார்கள். வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயின. 2021-ல் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்காகச் சங்கங்களின் பெட்டகங்களைச் சரிபார்த்தபோது, போலி நகைக்குக் கடன், பையில் நகையே இல்லாமல் கடன், ஒரே குடும்பத்தின் பெயரில் அடுக்கடுக்காகக் கடன் என்று அதிர்ச்சி மேல் அதிர்ச்சி வெளிவந்தது.

இத்தனைக்கும் காரணம் தேர்தல் நடந்தது என்பதா, ஒழுங்காக நடக்கவில்லை என்பதா? போட்டி இருந்திருந்தால், தோற்றவர் சும்மா இருந்திருக்க மாட்டார், கணக்கைக் கேட்டிருப்பார். போட்டியே இல்லாத குழுவைக் கேள்வி கேட்க ஊரில் ஆளில்லாமல் போயிற்று. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. அந்தச் சங்கங்களைக் கூட்டுறவுத் தணிக்கைத் துறை ஆண்டுதோறும் தணிக்கை செய்தது. களப் பணியாளர்கள் வந்துபோனார்கள். அலுவலர்களின் கண்காணிப்பு இருக்கும்போதே நடந்த தவறுக்கு அலுவலர் நிர்வாகமே தீர்வு என்று எப்படிச் சொல்வது? தவறு செய்தவர் மீது விசாரணை நடத்தத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆவது பிரிவு இருக்கிறது. இழப்பை அவரிடமே வசூலிக்க 87-ஆவது பிரிவின் தண்டத் தீர்வை இருக்கிறது. அவற்றை முடுக்கிவிட்டாலே போதும். சிலர் செய்த திருட்டுக்காக எல்லா உறுப்பினர்களின் வாக்குரிமையையும் பிடுங்கி வைத்துக்கொள்வது நீதியாகாது.

அரசமைப்புச் சட்டத்தின் 97-ஆவது திருத்தம் 2012-ல் நடைமுறைக்கு வந்தபோது, கூட்டுறவுச் சங்கம் அமைப்பது 19-ஆவது பிரிவின் உரிமைகளோடு சேர்ந்தது. குழுவின் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதலைப் பெறவில்லை என்பதால், மாநிலச் சங்கங்களுக்கு அந்தப் பகுதி செல்லாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூட்டுறவு மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது என்பதை நிலைநாட்டிய அந்தத் தீர்ப்பு வரவேற்கத்தக்கதே. ஆனால் டெல்லியிடமிருந்து காப்பாற்றிய அதிகாரத்தைச் சென்னை தானே பூட்டி வைத்துக்கொண்டால் சங்க உறுப்பினருக்கு என்ன கிடைத்தது? மாநில உரிமைக்குக் குரல் கொடுக்கும் எந்தக் கட்சியும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

கடன் தள்ளுபடியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 2006-லும் 2016-லும் ஆட்சிப் பொறுப்பேற்ற கையோடு தள்ளுபடி அறிவிப்புகள் வந்தன. 2021-ல் சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளின் ₹12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடியானது. புயலிலும் வறட்சியிலும் விளைச்சலைப் பறிகொடுத்தவரைக் கைதூக்கிவிடுவது அரசின் கடமை; அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. தேர்தல் நாட்காட்டியைப் பார்த்து அறிவிக்கப்படும் தள்ளுபடி வேறு வகை. மனைவியின் நகையை விற்றுப் போன மாதம் கடனைக் கட்டியவருக்கு அதில் ஒரு பைசா கிடைக்காது. தள்ளுபடியான தொகையை அரசு பல ஆண்டுத் தவணைகளில்தான் சங்கங்களுக்கு ஈடுசெய்கிறது. அதுவரை புதுக் கடன் கேட்டு வருகிறவருக்குப் பணம் இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, சங்கத்துப் பணம் சர்க்கார் பணம் என்ற நினைப்பு ஊரில் ஊன்றிவிடுவது. சர்க்கார் பணம் என்றான பிறகு அதைத் திருப்பிக் கட்டுகிறவரும் குறைவார், அது களவு போனால் கேட்கிறவரும் குறைவார்.

பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்களைப் பார்த்தால் தன் பணம் என்ற நினைப்புக்கும் சர்க்கார் பணம் என்ற நினைப்புக்கும் உள்ள வித்தியாசம் புரியும். ஆசிரியர்களோ போக்குவரத்துத் தொழிலாளர்களோ அங்கே மாதச் சம்பளத்தில் சந்தா கட்டுகிறார்கள். தவணையும் சம்பளத்திலேயே பிடித்தமாகிறது. தன் பணம் என்பது சம்பளப் பட்டியலில் மாதந்தோறும் கண்ணில் படுகிறது. அதனால் உறுப்பினர்கள் கூடும் பேரவையில் ஈவுத்தொகை சதவீதத்துக்காகவே காரசாரமாக வாதாடுகிறார்கள். அந்த வாதாட்டம்தான் சங்கத்தின் உயிர். விவசாயக் கடன் சங்கத்துப் பேரவையிலோ வருகைப் பதிவேட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக் குறைந்தபட்ச வருகையை (கோரம்) காட்டுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. சங்கத்தின் லாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்கு ஒரு பகுதி கட்டாயமாகப் போகிறது. அந்த நிதியில் உறுப்பினருக்குக் கிடைக்க வேண்டிய முதல் பாடம், பேரவையில் எழுந்து நின்று கேள்வி கேட்பது எப்படி என்பதாக இருக்கட்டும்.

சேரப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் தேவைப்படும்வரை காத்திருக்காதீர்கள். பணமுடை இல்லாத நாளில் போய்ச் சேருங்கள். அப்போதுதான் விதிகளை நிதானமாகக் கேட்டறிய முடியும். ‘இணை’ என்றில்லாமல் முழு உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லுங்கள். பங்குச் சான்றையும் பாஸ்புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். பணம் போடும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் நகரக் கூட்டுறவு வங்கியிலும் ₹5 லட்சம் வரையிலான வைப்புக்கு இருக்கும் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகத்தின் பாதுகாப்பு, கிராமத்துக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்த அல்ல. காப்பீடு இல்லாத இடத்தில் உறுப்பினரின் கண்காணிப்பே காப்பு; அதற்காகவே தணிக்கை அறிக்கையைப் படிக்கக் கேளுங்கள், தவணை தவறிய கடன் எவ்வளவு என்று கேளுங்கள். நீங்கள் வாங்கிய கடனை உரிய நாளில் கட்டுங்கள். தவணை தவறியவர் நிர்வாகக் குழுவுக்குப் போட்டியிட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரசு செய்ய வேண்டியது தெளிவானது. உறுப்பினர் பட்டியலில் இறந்துபோனவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் பெயர்களை நீக்கி, திருத்திய பட்டியலைச் சங்க வாசலிலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும். குத்தகைக்கு உழுபவர்கள் அடங்கல் கிடைக்காமல் உறுப்பினராக முடியாமல் நிற்கும் தடையைக் கிராம நிர்வாக அலுவலர் மட்டத்திலேயே தீர்க்க வேண்டும். வேட்புமனு வாங்கும் இடத்தில் கேமரா வைத்து, மனு கொடுத்தவருக்கு அங்கேயே ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களுக்கென்றே மாநிலத்தில் தனித் தேர்தல் ஆணையம் இருக்கிறது. அது தேர்தல் தேதியை அறிவிக்க அரசு வழிவிட வேண்டும்.

அந்த நாள் வரும்போது உறுப்பினர்கள் தயாராக இருக்க வேண்டும். இந்த வாரமே சங்கத்துக்குப் போய், பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.