பழைய எண்ணெய்க் கிணறு, புதிய ஆழம்: டெல்டாவில் எது ‘புதிய திட்டம்’?

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடுவது புதுசு இல்லை. காரைக்காலில் கிணறு தோண்டியது 1960-களில். நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது 1980-களில். இப்படிப் பல வருஷமாகத் தோண்டி எடுத்த இடத்தை ‘முதிர்ந்த படுகை’ என்பார்கள். மேல் அடுக்குகளில் எளிதாகக் கிடைப்பது குறையக் குறைய, நிறுவனங்களின் பார்வை இன்னும் ஆழத்துக்குப் போகும்.

ஏன் கீழே?

பழைய இடத்தில் குழாய், சாலை, நிலத்தடி ஆய்வுத் தகவல் எல்லாம் ஏற்கெனவே ரெடி. அதனால் செலவு மிச்சம். கீழே இருக்கும் கருங்கல் போன்ற அடித்தளப் பாறையின் விரிசல்களில்கூட எண்ணெய் தேங்கும். வியட்நாமின் பாக் ஹோ வயலில் 1980-களில் அப்படித்தான் பெரிய அளவில் கிடைத்தது. நம்ம ஊர் மாதானத்திலும் அடித்தளப் பாறையில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

ஆழம் கூடினால் என்ன மாறும்?

ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் சராசரியாக 25-30 டிகிரி செல்சியஸ் கூடும். 4 கிலோமீட்டரில் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல சுமார் 400 மடங்கு. சில பாறைகளில் அதைவிட அதிகம். இரும்புக் குழாய், அதைச் சுற்றிப் போடும் சிமென்ட், மேலே உள்ள வால்வு எல்லாமே இதைத் தாங்கணும். விவசாயத்துக்கும் குடிக்கவும் எடுக்கும் நிலத்தடி நீரைத் துளைத்துக்கொண்டுதான் கிணறு கீழே இறங்குகிறது. சிமென்ட் விட்டுக்கொடுத்தால், முதல் அடி அந்தத் தண்ணீருக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடாது. அதே 2020 ஜனவரியில் மத்திய அரசு, நிலத்தில் தோண்டும் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று விதியை மாற்றியது.

சிக்கல் இங்கேதான். பழைய கிணற்றைப் பழுது பார்ப்பது பராமரிப்பு. சரி. அதே இடத்திலிருந்து இதுவரை தொடாத பாறைக்கு இறங்கினால்? அதையும் ‘பழைய பணி’ கணக்கில் எழுதிவிட்டால், சட்டம் பேப்பரில் மட்டும்தான் இருக்கும்.

கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தியா இறக்குமதி செய்கிறது. உள்நாட்டில் தேட வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக டெல்டாவுக்குக் கொடுத்த வாக்கைச் சுற்றி வளைத்துத் தாண்டக் கூடாது.

தமிழக அரசு செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு கிணற்றுக்கும் அனுமதித்த ஆழம், பாறை அடுக்கு, தோண்டும் முறை ஆகியவற்றைத் தமிழில் வெளியிடட்டும். ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டட்டும். அந்த எல்லையைத் தாண்டினால் அது புதிய திட்டம்தான் என்று விதியிலேயே எழுதட்டும். தன் வயலுக்குக் கீழே எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பது, மேலே நாற்று நடுபவருக்குத் தெரிந்தே ஆகணும்.